சின்ன வயதில் பயமுறுத்திய புத்தகங்களை மறுபடி வாசிக்க ஒரு வழிகாட்டி

அம்புலிமாமா இதழின் வேதாளம், வாடகை நூலகத்தில் எடுத்து வந்த கூஸ்பம்ப்ஸ் என்ற ஆங்கிலத் திகில் புத்தகம், முத்து காமிக்ஸில் அந்தரத்தில் மிதந்து வந்த இரும்புக் கை. இவற்றில் ஏதோ ஒன்று சின்ன வயதில் உங்களைப் போர்வைக்குள் தள்ளியிருக்கும். வளர்ந்த பிறகு அதை மறுபடி வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பத்துப் பக்கம் புரட்டியதும், "இதுக்கா அப்படிப் பயந்தோம்?" என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

அந்தப் புத்தகங்களுக்கு அது நியாயமே இல்லை. இன்னும் பயம் வருகிறதா என்று சோதிக்க வாசித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தக் கதைகளில் பயம் அப்படியே இருக்கிறது. நமக்கு வயதானதால் அது வேறு பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று தேடிக் கண்டுபிடிப்பதில்தான் மறுவாசிப்பின் ருசி. சென்னையில் இருந்துகொண்டு இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, எங்கே தேடுவது, எப்படி வாசிப்பது, எதைக் கவனிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேடுவதற்கு முன்னால் எழுதுங்கள்

முதல் வேலை, புத்தகத்தைத் தேடாமல் இருப்பது. இணையத்தில் அட்டைப் படத்தைக்கூடப் பார்க்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். எந்தக் காட்சி, என்ன நிறம், யார் மாட்டிக்கொண்டார்கள், முடிவு என்ன ஆனது. படிக்கும்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு ஞாபகமில்லை என்றால் "ஞாபகமில்லை" என்றே எழுதுங்கள், அதுவும் ஒரு தகவல்தான். அண்ணன், அக்கா யாராவது அதே புத்தகத்தைப் படித்திருந்தால் அவர்களிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கதை இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தங்கியிருக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? புத்தகம் கைக்கு வந்த மறுநிமிடமே பழைய நினைவு அழிந்து, அச்சில் இருப்பது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சின்ன வயதில் நீங்களாகச் சேர்த்துக்கொண்டது எது, கதையில் உண்மையிலேயே இருந்தது எது என்று பிரிக்க முடியாது. நீங்கள் சேர்த்துக்கொண்டதுதான் முக்கியம். கதையில் இல்லாத கிணறு உங்கள் நினைவில் இருக்கிறது என்றால், அந்தக் கிணறு உங்கள் வீட்டுக் கிணறாக இருக்கலாம்.

சென்னையில் எங்கே கிடைக்கும்

எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலிருந்து தொடங்குங்கள். 1896இல் திறக்கப்பட்ட நூலகம் அது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களும் பருவ இதழ்களும் சட்டப்படி ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அதனால் பழைய சிறுவர் இதழ்களைத் தேட இதைவிட நல்ல இடம் கிடையாது. வரிசை முழுசாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். இதழின் பெயரோடு ஆண்டையும் மாதத்தையும் எழுதிக் கொடுத்தால் ஊழியர்களுக்குத் தேடுவது சுலபம். "சின்ன வயசுல படிச்ச பேய்க்கதை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. உங்கள் பிறந்த ஆண்டோடு எட்டு, ஒன்பதைக் கூட்டி, அதைச் சுற்றி மூன்று நான்கு வருடங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் அதன் அடித்தளம். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். உங்கள் பாட்டி காலத்துப் பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பார்க்க நினைத்தால் இங்கே போகலாம். கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் கடை போட்ட பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையில்தான் பல வீடுகளில் வேதாளம் முதலில் நுழைந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய அச்சுப் புத்தகங்களை வருடி ஏற்றியிருக்கிறார்கள், வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

சொந்தமாக வாங்க வேண்டும் என்றால் பழைய புத்தகக் கடைகள்தான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு அங்கிருந்த கடைகள் சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. பாடப் புத்தகங்களும் போட்டித் தேர்வு கைடுகளும்தான் முன்னால் அடுக்கியிருக்கும். சிறுவர் இதழ்களைக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூர் லஸ் பக்கமும் இருக்கும் பிளாட்பாரக் கடைகளில் பொறுமைதான் முதலீடு. ஆங்கிலச் சிறுவர் புத்தகங்கள் அங்கே அதிகம் கிடைக்கும், கூஸ்பம்ப்ஸ் நிச்சயம் கண்ணில் படும். அம்புலிமாமா பழைய இதழ்களுக்கும் காமிக்ஸுக்கும் சேகரிப்பாளர்கள் போட்டி இருப்பதால் விலை ஏறிவிட்டது. வாசிக்க மட்டும்தான் வேண்டும் என்றால் அந்தப் போட்டியில் இறங்க வேண்டாம்.

காமிக்ஸுக்கு சுலபமான வழி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பொங்கலை ஒட்டி நடக்கும் புத்தகக் காட்சி. 1977இலிருந்து நடந்து வருகிற காட்சி அது. சிவகாசியிலிருந்து லயன்-முத்து காமிக்ஸ்காரர்கள் கடை போடுவார்கள், பழைய கதைகளின் மறுபதிப்புகள் அவர்களிடம் கிடைக்கும்.

பழைய இதழை வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றிருந்தால், பெரும்பாலும் அங்கேதான் உங்கள் கதையின் கடைசிப் பக்கம் காணாமல் போயிருக்கும். ஓரத்தில் மாவு போலக் கொட்டினால் பூச்சி இருக்கிறது, மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். நிழலில் காற்றாட விரித்து வைத்தால் போதும், வெயிலில் போட்டால் நியூஸ்பிரிண்ட் தாள் நொறுங்கிவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது, சில வருடங்களில் மஞ்சள் கறை விட்டு எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, சுவரில் ஒட்டாமல் அலமாரியில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைப்பது நல்லது.

படம் மாறினால் கதை மாறும்

பதிப்பு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்தியதில் பாதி ஓவியரின் வேலை. ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு என்று விக்கிரமனை வரைந்தவர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். அந்தப் படத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். பிணத்தைவிட அரசனின் நடைதான் கண்ணில் நிற்கும். கால் உறுதியாகப் போகிறது, முகத்தில் பயமில்லை, களைப்பும் இல்லை. தினமும் அதே வேலைக்குப் போய்வருகிற ஒருவரின் முகம் அது. எட்டு வயதில் எனக்கு அந்த முகம் இருந்ததே தெரியாது, பிணத்தின் தலைமுடி மட்டும்தான் தெரிந்தது.

கூஸ்பம்ப்ஸ் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். 1992 முதல் 1997 வரை வந்த முதல் வரிசையில் 62 புத்தகங்கள். அவற்றின் பச்சையும் ஊதாவுமான அட்டைகளில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் டிம் ஜேகபஸ். பிற்பாடு வந்த மறுபதிப்புகளில் வேறு அட்டைகள். உள்ளே கதை அதேதான் என்றாலும், உங்கள் நினைவோடு ஒப்பிட வேண்டும் என்றால் பழைய அட்டையே வேண்டும்.

ஆல்வின் ஷ்வார்ட்ஸ் தொகுத்த ஆங்கிலப் பேய்க்கதைப் புத்தகங்களுக்கு இதுவே நடந்தது. 1981இல் முதல் தொகுதி வந்தபோது ஸ்டீபன் கேமல் வரைந்த, மை கசிந்து ஒழுகுவது போன்ற படங்கள்தான் குழந்தைகளைத் தூங்கவிடாமல் செய்தன. 2011இல் வேறு ஓவியரை வைத்துப் படங்களை மாற்றினார்கள். கேமலின் படங்களோடு வளர்ந்தவர்கள் விடவில்லை. சில வருடங்களிலேயே பழைய படங்கள் திரும்பி வந்தன.

இரண்டு முறை வாசியுங்கள்

முதல் தடவை ஒரே மூச்சில். இந்தப் புத்தகங்கள் சின்னவை, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். பேனா வேண்டாம், போன் வேண்டாம். பறக்கும் ரயிலில், அலுவலக இடைவேளையில் என்று துண்டு துண்டாக வாசித்தால் இது வேலைக்கு ஆகாது. பயம் என்பது தொடர்ச்சியில் கட்டப்படுவது. இருட்டில்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை, ஆனால் வீடு அமைதியாக இருப்பது நல்லது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், படிப்பதை நிறுத்த வேண்டாம்.

இரண்டாம் தடவை ஒரு வாரம் கழித்து, பென்சிலும் நீங்கள் முன்பே எழுதி வைத்த தாளுமாக. இப்போது மெதுவாக. கூஸ்பம்ப்ஸில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு அதிர்ச்சியில் முடியும், அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அது பூனையாக இருக்கும், தம்பியின் விளையாட்டாக இருக்கும். எத்தனை பொய் அதிர்ச்சி, எத்தனை நிஜ அதிர்ச்சி என்று ஓரத்தில் குறியுங்கள். இவற்றை எழுதிய ஆர்.எல். ஸ்டைன் ஒரு குழந்தையின் மூச்சை எங்கே இறுக்கி எங்கே விடுகிறார் என்பது தெரியும். இத்தனை கணக்காக எழுதியவரை மட்டமான எழுத்தாளர் என்று ஒதுக்க எனக்கு மனசு வராது.

அப்புறம், மூன்று இடங்களில் கண் வையுங்கள். கதையில் வரும் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள், முதல் சாவு எங்கே எப்படிச் சொல்லப்படுகிறது, பேய் எப்படிப் பேயானது. சின்ன வயதில் இந்த மூன்றையும் தாண்டிக் குதித்திருப்போம்.

பயம் இடம் மாறியிருக்கும்

இதைச் சில உதாரணங்களோடு சொல்லியாக வேண்டும். கதைமுடிவுகள் வெளிப்பட்டுவிடும், நீங்கள் முன்பே படித்தவர்கள் என்பதால் சொல்கிறேன்.

கூஸ்பம்ப்ஸ் வரிசையின் முதல் புத்தகம் 1992இல் வந்தது. முகம் தெரியாத ஒரு சொந்தக்காரர் விட்டுப்போன வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிபோகிறது. அந்த ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் செத்தவர்கள். குழந்தையாக வாசித்தபோது ஜன்னல் திரையும் மாடியறையில் தெரிந்த முகமும்தான் பயம். இப்போது வாசித்தால் இடையில் ஒரு சின்னப் பகுதியில் கை நின்றுவிடும். ஊர் எப்படிச் செத்தது என்று அங்கே ஒரு சிறுமி சொல்கிறாள்: தொழிற்சாலையிலிருந்து மஞ்சள் வாயு ஒன்று கசிந்தது, ஊரே போனது. அமெரிக்கக் குழந்தைக்கு அது கதையை நகர்த்தும் காரணம் மட்டும். 1984 டிசம்பரில் போபால் நடந்த நாட்டில் வளர்ந்தவர்களால் அதை அப்படிக் கடந்துபோக முடியாது. பேய்கள் மேல் இருந்த பயம் போய், அவர்கள் மேல் துக்கம் வந்துவிடுகிறது. வேலைக்குப் போன அப்பாக்களும் வீட்டிலிருந்த குழந்தைகளும் ஒரே காற்றைச் சுவாசித்துச் செத்த ஊர் அது.

ரோல்ட் டாலின் சூனியக்காரிகள் கதை 1983இல் வந்தது. கையுறை போட்ட, விக் வைத்த சூனியக்காரிகள்தான் நினைவில் நிற்பார்கள். ஆனால் தொடக்கத்திலேயே அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் கார் விபத்தில் இறந்துபோகிறார்கள், அது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கடைசியில் எலியாக மாறிய பையன் மனிதனாகத் திரும்புவதே இல்லை. அவன் இன்னும் ஒன்பது வருடம் போலத்தான் வாழ்வான் என்று பாட்டி சொல்கிறாள். அவளுக்கு வயது 86. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்விடலாம் என்பதில் அவனுக்கு நிம்மதி. சின்ன வயதில் இதை மகிழ்ச்சியான முடிவு என்று நினைத்தவர்கள் பலர். பேரக்குழந்தையைத் தனியாக வளர்க்கும் ஒரு பாட்டியை உங்களுக்குத் தெரியும் என்றால், அந்தப் பக்கத்தை அவ்வளவு எளிதாக மூட முடியாது.

நீல் கெய்மனின் கோரலைன் நாவலை 2002க்குப் பிறகு வளர்ந்தவர்கள் படித்திருக்கலாம். கண்ணுக்குப் பதில் பொத்தான் தைத்த இன்னொரு அம்மா. குழந்தைகள் இதைச் சாகசமாக வாசிக்கிறார்கள், பெரியவர்களுக்குத்தான் கெட்ட கனவு வருகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். காரணம் புரிந்துகொள்ள அதிகம் யோசிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி "அப்புறம் வா கண்ணு" என்று குழந்தையை அனுப்பிவைக்கிற நிஜப் பெற்றோர் கதையில் இருக்கிறார்கள். இன்று வாசிக்கிற அம்மாவும் அப்பாவும் தங்களை அங்கே பார்த்துவிடுவார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது வேதாளக் கதைதான். மாதா மாதம் வேதாளம் முருங்கை மரம் ஏற, அரசனும் அதன் பின்னால் போனான். மூலக்கதைகள் 25தான், அவை தீர்ந்த பிறகு இதழில் இருந்தவர்கள் அந்தச் சட்டகத்துக்குள் புதுசு புதுசாகக் கதை செய்தார்கள். அதனால் பலருக்கு ஆரம்பமும் முடிவும் தெரியவே தெரியாது. மறுவாசிப்பில் இவை இரண்டையும் தேடிப் படியுங்கள். 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம் என்ற சமஸ்கிருதக் கதைத் தொகுப்பில் இருக்கிறது.

ஆரம்பம் இது. ஒரு துறவி தினமும் அரசனிடம் வந்து ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒன்றும் கேட்பதில்லை. வருடக்கணக்கில் இது நடக்கிறது. ஒருநாள் குரங்கு அந்தப் பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து ரத்தினம் விழுகிறது. இத்தனை நாள் வந்த பழங்களில் எல்லாம் ரத்தினம். இவ்வளவு கொடுத்தவன் கேட்கும் ஒரே ஒரு உதவியை எப்படி மறுப்பது? சுடுகாட்டுக்கு வா, மரத்தில் தொங்கும் பிணத்தை எடுத்து வா என்கிறான் துறவி. அவன் அரசனையே பலி கொடுக்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தான்.

சின்ன வயதில் பயம் பிணத்தின் மேல். இப்போது பயம் அந்தப் பழத்தின் மேல். ஒன்றும் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அலுவலகத்தில், சொந்தத்தில், சீட்டுக் கம்பெனியில். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம்தான் கடைசியில் உண்மையைச் சொல்லி அரசனைக் காப்பாற்றுகிறது. பயமுறுத்தியது நண்பன், பழம் கொடுத்தவன் கொலைகாரன். இதை ஒரு குழந்தைக் கதை என்று எத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்தோம்.

முடிவும் அற்புதம். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தெரிந்திருந்ததால் அரசன் வாய் திறந்தான், வேதாளம் தப்பித்தது. கடைசிக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை, மௌனமாக நடக்கிறான். அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் வேதாளம் மனம் இளகி, துறவியின் திட்டத்தைச் சொல்கிறது. இவ்வளவு கெட்டிக்கார அரசன் தெரியாமையால் பிழைக்கிறான்.

இரும்புக்கை மாயாவியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே அவரை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, கை மட்டும் மிதக்கும். பிரிட்டிஷ் மூலத்தில் அவர் தொடக்கத்தில் குற்றவாளி, பிற்பாடுதான் நல்லவர் பக்கம் வருகிறார். யாரும் பார்க்க முடியாது என்றால் மனிதன் என்னவாகிறான் என்ற கேள்வி அந்தச் சாணித்தாளில் இருந்தது.

உறுத்துகிற இடங்கள்

மறுவாசிப்பில் சங்கடமும் வரும். பழைய மந்திரவாதிக் கதைகளில் கெட்டவன் கறுப்பாக இருப்பான், கிழவி என்றால் சூனியக்காரி, காட்டில் வாழ்கிறவர்கள் என்றால் நரபலி. ஊனமும் அழகின்மையும் தீமையின் அடையாளமாக வரையப்பட்டிருக்கும். டாலின் புத்தகத்தையும் பெண்களை இழிவுபடுத்துவதாகப் பலர் விமர்சித்திருக்கிறார்கள். அந்தக் காலம் அப்படி என்று தாண்டிப் போகாதீர்கள். சின்ன வயதில் யாரைப் பார்த்துப் பயப்பட நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பென்சிலால் கோடு போடுங்கள். புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஆனால் வீட்டுக் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் அந்தக் கோடுகளைத் திரும்பப் பாருங்கள்.

குழந்தைகளோடு வாசிக்க நினைத்தால்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் நம் ஆசையை அவர்கள் மேல் ஏற்றிவிடுகிறோம். நீங்கள் எந்த வயதில் பயந்தீர்களோ அதே வயதில் உங்கள் பிள்ளையும் பயந்து ரசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐந்து ஆறு வயதில் பேயும் நிஜம், இருட்டும் நிஜம். அந்த வயதில் படத்தை முதலில் பகலில் காட்டுங்கள். எட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பயத்தில் ஒரு விளையாட்டு தெரிந்துவிடும்.

சத்தமாக வாசிக்கும்போது குரலை மாற்றி மிரட்ட வேண்டாம், கதையே போதும். படுக்கப் போகும் நேரத்துக்குப் பதிலாக சாயங்காலம், மொட்டை மாடியில், இன்னும் வெளிச்சம் இருக்கும்போது தொடங்குங்கள். அத்தியாயத்தை அதிர்ச்சியில் நிறுத்தி "மிச்சம் நாளைக்கு" என்று சொல்லாதீர்கள், அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கம் வரை போய் மூச்சு விட்ட பிறகு நிறுத்துங்கள். குழந்தை "போதும்" என்றால் அந்த வரியிலேயே மூடிவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. அடுத்த நாள் அவர்களே எடுத்து வந்தால் தொடருங்கள். எடுத்து வராவிட்டால் வேறு புத்தகம், வேதாளத்தை இன்னும் இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.